பொதுப் போக்குவரத்து நிறுவனங்களும் சமூகப் பொறுப்பும்

'நிறுவனச் சமூகப் பொறுப்பு' என்னும் தொடர் இன்று நாளிதழ்களிலும் வானொலிச் செய்திகளிலும் அடிக்கடி இடம்பெறுகிறது. ஒரு வங்கி பள்ளிக்கூடத்திற்குக் கணினிகளை அன்பளிப்பாக வழங்கினாலும், ஒரு தொழிற்சாலையின் ஊழியர்கள் கடற்கரையைத் துப்புரவு செய்தாலும், ஒரு வணிக நிறுவனம் பண்டிகைக் காலத்தில் ஆதரவற்ற இல்லங்களுக்கு உணவுப் பொட்டலங்களை அனுப்பினாலும் அதற்கு இப்பெயரே சூட்டப்படுகிறது. இவையெல்லாம் நற்செயல்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பொதுமக்களை ஏற்றிச் செல்வதையே தொழிலாகக் கொண்ட பேருந்து நிறுவனமோ ரயில் நிறுவனமோ இத்தகைய அன்பளிப்புகளோடு தன் பொறுப்புத் தீர்ந்துவிட்டதெனக் கருதலாமா? மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்ட அதே நிறுவனத்தின் பேருந்து, மறுநாள் காலையில் கரும்புகையைக் கக்கிக்கொண்டு அரைமணி நேரம் தாமதமாக வந்தால் அதனை என்னவென்று சொல்வது?

இக்கேள்விக்கு விடை காணுமுன், இக்கருத்து நம் நாட்டில் எவ்வாறு வேரூன்றியது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். மலேசியப் பங்குச் சந்தை 2006 ஆம் ஆண்டில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புக்கென ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. சுற்றுச்சூழல், வேலையிடம், சமூகம், சந்தை என்னும் நான்கு துறைகளை அவ்வழிகாட்டி சுட்டிக்காட்டியது. 2007 ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து, சந்தையில் இடம்பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் தான் ஆற்றிய சமூகப் பணிகளை ஆண்டறிக்கையில் தெரிவிக்க வேண்டியதாயிற்று. ஒன்றும் ஆற்றவில்லையென்றால் அதனையும் கூற வேண்டும். 2015 ஆம் ஆண்டில் இவ்விதி மேலும் விரிவாக்கப்பட்டு, நிறுவனத்தின் தொழிலால் சமூகத்திற்கும் இயற்கைக்கும் விளையும் முதன்மையான பாதிப்புகள் யாவை, அவற்றை நிறுவனம் எவ்வாறு கையாள்கிறது என்பதையே எழுத வேண்டும் என்றானது. அன்பளிப்பைப் பற்றிய பேச்சு குறைந்து, தொழிலைப் பற்றிய பேச்சு தொடங்கியது எனலாம். இம்மாற்றம் சிறிதன்று.

போக்குவரத்துத் தொழிலின் தனித்தன்மை

சவர்க்காரம் செய்யும் நிறுவனத்தின் பொருள் பிடிக்காவிடில் வேறொன்றை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு சிற்றூருக்கு நாளொன்றுக்கு நான்கு முறை வந்துபோகும் ஒரே பேருந்து நின்றுவிட்டால், அவ்வூரார் வேறு எங்கே செல்வர்? காரோ மோட்டார் சைக்கிளோ உள்ளவர் ஒருவாறு சமாளித்துக்கொள்வார். முதியவர், மாணவர், கண்பார்வை குறைந்தவர், ஓட்டுநர் உரிமம் இல்லாத தாய்மார் ஆகியோர்தாம் வீட்டோடு முடங்குவர். போக்குவரத்து நிறுவனத்தின் முதற்பொறுப்பு அதன் அன்றாடச் சேவையிலேயே அடங்கியிருக்கிறது என்று கூறுவதற்குக் காரணம் இதுவே.

இத்தொழிலை வெறும் வணிகமாக நடத்த இயலாது என்பதைக் கோலாலம்பூரின் இலகு ரயில் வரலாறு தெளிவாக உணர்த்துகிறது. ஸ்டார் என்னும் தனியார் நிறுவனத்தின் ரயில் 1996 ஆம் ஆண்டு டிசம்பரில் அம்பாங்கிலிருந்து ஓடத் தொடங்கியது. புத்ரா என்னும் மற்றொரு நிறுவனத்தின் ஓட்டுநரில்லாத ரயில் 1998 ஆம் ஆண்டு செப்டம்பரில் கிளானா ஜெயாவிலிருந்து புறப்பட்டது. பெரும் முதலீடு, எதிர்பார்த்த அளவிற்குப் பயணிகள் இல்லை, நாட்டைத் தாக்கிய பொருளாதார நெருக்கடி வேறு. இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஐந்து பில்லியன் வெள்ளியைத் தாண்டிய கடனில் மூழ்கின. முடிவில், நிதியமைச்சுக்கு முழு உடைமையான பிரசரானா நிறுவனம் 2002 ஆம் ஆண்டில் இவ்விரு தடங்களையும் ஏற்றுக்கொண்டது. பேருந்துகளையும் ரயில்களையும் ஒருங்கே இயக்குவதற்காக 2004 ஆம் ஆண்டில் ரேப்பிட் கே.எல். தோற்றுவிக்கப்பட்டது.

அந்நாளில் ரயில்களை நிறுத்திவிட்டுக் கடனை மட்டும் தீர்ப்பது வணிகக் கணக்கில் ஒரு வழியாக இருந்திருக்கலாம். ஆனால் நாள்தோறும் அதனை நம்பி வேலைக்குச் சென்றோரின் நிலை என்னவாகியிருக்கும்? அரசு பொதுப்பணத்தைச் செலவிட்டு அதனைக் காப்பாற்றியது. எனவே அந்நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கும்போது இலாப நட்டத்தோடு நில்லாமல், பொதுப்பணத்திற்கு ஈடாகப் பொதுமக்கள் என்ன பெற்றனர் என்றும் பார்ப்பதே முறை.

கட்டணமும் கதவும்

அப்படிப் பார்த்தால் முதலில் கண்ணிற்படுவது கட்டணம். 2019 ஆம் ஆண்டில் மாதம் 100 வெள்ளிக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கின் ரேப்பிட் கே.எல். ரயில்களிலும் பேருந்துகளிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்யும் சலுகைச் சீட்டு அறிமுகமானது. கொரோனா நோயின் பாதிப்பால் மக்கள் வருமானம் இழந்து நின்ற 2020 ஆம் ஆண்டு ஜூனில் அது 30 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் 50 வெள்ளிச் சீட்டாக நிலைபெற்றது. மலேசியக் குடிமக்களுக்கு மட்டுமே உரிய இச்சீட்டின் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒருவர் மாதத்தில் 25 நாள் வேலைக்குச் சென்று வருவாரானால், அவர் செல்லும் ஒவ்வொரு வழிக்கும் ஒரு வெள்ளிதான் ஆகிறது. அது எத்தனை தொலைவாயினும் சரியே. நகரின் விளிம்பில் வாடகை குறைந்த இடத்தில் குடியிருந்துகொண்டு நகரின் நடுவே துப்புரவுப் பணியோ பாதுகாவலர் பணியோ செய்பவர்க்கு இது பேருதவி. தோட்டங்களிலிருந்து பெயர்ந்து நகர்ப்புறத்தில் குடியேறிய நம் குடும்பங்களில் பலவும் இவ்வகையினரே அல்லவா?

கட்டணம் குறைந்திருந்தும் உள்ளே நுழைய முடியாவிட்டால் பயனில்லை. ஸ்டார் நிறுவனத்தின் தொடக்கக்கால நிலையங்கள் பலவற்றில் மின்தூக்கிகள் அமைக்கப்படவில்லை. சக்கர நாற்காலியில் இயங்குவோர் படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிட நேர்ந்தது. உடற்பேறு குறைந்தோர் இதற்காகக் குரல் எழுப்பினர். ஒன்றுகூடித் தங்கள் எதிர்ப்பைக் காட்டினர். 2008 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட உடற்பேறு குறைந்தோர் சட்டம், ஏனையோரைப் போலவே அவர்களும் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தும் உரிமையுடையவர் என 27 ஆம் பிரிவில் எழுதியது. பழைய நிலையங்களில் மின்தூக்கிகள் பின்னர்ப் பொருத்தப்பட்டன, புதிய எம்.ஆர்.டி. நிலையங்கள் வரைபட நிலையிலேயே அவற்றோடு அமைக்கப்பட்டன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்தூக்கி இருப்பது வேறு. அது வேலை செய்வது வேறு. பழுதடைந்த மின்தூக்கியின் முன்னால் தொங்கும் அறிவிப்புப் பலகை, நடக்க இயன்றவர்க்குச் சிறு தொல்லை. சக்கர நாற்காலிக்காரருக்கோ அந்நிலையமே மூடப்பட்டதற்குச் சமம். நிலையத்திலிருந்து வெளியே வந்தவுடன் நடைபாதை உடைந்தோ, அதன்மேல் மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்பட்டோ இருந்தால், உள்ளே செலவிட்ட பணமும் பாதி வீண். நடைபாதை ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு என்று நிறுவனம் கூறலாம். சட்டப்படி அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பயணிக்கு வீட்டு வாசலிலிருந்து வேலையிடம் வரையிலும் ஒரே பயணந்தான்.

பெண்களின் பாதுகாப்பும் இதனோடு சேர்ந்ததே. கே.டி.எம். கொம்யூட்டர் ரயில்களில் 2010 ஆம் ஆண்டில் பெண்களுக்கெனத் தனிப் பெட்டிகள் ஒதுக்கப்பட்டன. அதே ஆண்டில் செந்தூலிலிருந்து பத்துமலைக்கு மின்ரயிலும் வந்தது. தைப்பூசக் காலத்தில் இரவு பகலாக இயங்கும் அந்த ரயில்களால் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் நெரிசலின்றிச் சென்று திரும்புகின்றன என்பதை வாசகர்கள் நேரிலே கண்டிருப்பர்.

பாதுகாப்பே முதன்மை

எத்தனை சலுகைகள் இருப்பினும், ஏறியவர் உயிரோடு இறங்க வேண்டும். இதில் தவறினால் ஏனைய பொறுப்புகளைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை. அண்மைக்காலத்தில் நம் நாட்டில் நிகழ்ந்த மூன்று துயரச் சம்பவங்கள் இதன் மூன்று பக்கங்களைக் காட்டுகின்றன.

2014 ஆம் ஆண்டு ஆகஸ்டு 18 ஆம் நாள், கோத்தா டாமன்சாராவில் எம்.ஆர்.டி. பாதை கட்டும் இடத்தில் கான்கிரீட் பாலப்பகுதி சரிந்து விழுந்தது. வங்காளதேசத்தைச் சேர்ந்த மூன்று தொழிலாளர்கள் மாண்டனர். அவர்கள் எம்.ஆர்.டி. நிறுவனத்தின் நேரடி ஊழியர்கள் அல்லர். குத்தகை நிறுவனத்தின் கீழ் வேலை செய்தவர்கள். குத்தகைக்காரரைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கியிருக்கலாம். ஆனால் எம்.ஆர்.டி. நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இத்தகைய செயல் நம் நாட்டில் அடிக்கடி காணக்கூடியதன்று. அதே வேளையில், ஒருவர் பதவி விலகுவதால் மட்டும் அடுத்த பாலம் உறுதியாகிவிடாது என்பதையும் மறக்கலாகாது. குத்தகைக்காரரும் துணைக் குத்தகைக்காரரும் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிக்கின்றனரா என்று நாள்தோறும் கண்காணிப்பதும், குறைகண்டால் வேலையை நிறுத்துவதுமே உண்மையான காப்பு.

இரண்டாவது நிகழ்ச்சி 2021 ஆம் ஆண்டு மே 24 ஆம் நாள் இரவு நேர்ந்தது. கிளானா ஜெயா தடத்தில், கே.எல்.சி.சி. நிலையத்திற்கும் கம்போங் பாரு நிலையத்திற்கும் இடையிலுள்ள சுரங்கப்பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒன்றில் 213 பயணிகள் இருந்தனர். மற்றது பயணிகளின்றி ஓட்டுநர் ஒருவரால் கையால் இயக்கப்பட்ட ரயில். 47 பேர் கடுமையாகவும் 166 பேர் இலேசாகவும் காயமுற்றனர். ஏறத்தாழ 23 ஆண்டுகளாகக் கணினியின் கட்டுப்பாட்டில் இயங்கிவந்த தடம் அது. எந்திரம் தானே ஓடும்போது மோதாதவாறு காக்கும் ஏற்பாடு, மனிதர் கையால் ஓட்டும்போது அதே அளவிற்குத் துணைநிற்பதில்லை. வெற்று ரயில், செல்ல வேண்டிய திசைக்கு மாறான திசையில் ஓட்டப்பட்டதாக விசாரணையில் கண்டறியப்பட்டது.

ஓட்டுநர் தவறினார் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் ஒருவர் தவறு செய்தால் அதனைத் தடுத்து நிறுத்த இரண்டாவது ஏற்பாடு ஏன் இல்லை என்று கேட்பதே பொறுப்புள்ள நிறுவனத்தின் இயல்பு. கட்டுப்பாட்டு அறைக்கும் ஓட்டுநருக்கும் இடையே பரிமாறப்படும் கட்டளைகள் எவ்வாறு உறுதிப்படுத்தப்படுகின்றன, எத்தனை மணி நேரப் பணிக்குப் பின் ஒருவர் அவ்வேலைக்கு அனுப்பப்படுகிறார் என்பனவெல்லாம் நிருவாகம் முடிவு செய்யும் விவகாரங்கள். தவிரவும், விபத்துக்குப் பிறகு நடந்ததும் ஒரு பாடமே. செய்தியாளர் கூட்டத்தில் பிரசரானாவின் தலைவர் பேசிய முறை, காயமுற்றோரின் துன்பத்தை இலேசாகக் கருதுவதுபோல் இருந்ததென மக்கள் வெகுண்டனர். மே 26 ஆம் நாள் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். துன்புற்றவரிடம் எவ்வாறு பேசுவது என்பதும் நிறுவனத்தின் பொறுப்பில் அடங்கியதே.

மூன்றாவது நிகழ்ச்சி நம்மில் பலருடைய நெஞ்சில் இன்னும் ஆறாத புண். 2025 ஆம் ஆண்டு ஜூன் 9 ஆம் நாள் நள்ளிரவு கடந்து, கிரீக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் மாணவர்களை ஏற்றிவந்த வாடகைப் பேருந்து கவிழ்ந்தது. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 15 பேர் உயிரிழந்தனர். ஆசிரியராகும் கனவோடு படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்! பேருந்துக்கான உரிமத்தைப் பெற்றிருந்த நிறுவனம் ஒன்று; அதனை இயக்கியவரோ வேறொருவர். உரிமம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது என்பதைப் போக்குவரத்து அமைச்சு கண்டறிந்து, அந்நிறுவனத்தின் உரிமத்தை ரத்து செய்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து, கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது.

பொதுமக்களை ஏற்றிச் செல்லும் உரிமம் என்பது வீட்டை வாடகைக்கு விடுவதுபோல் கைமாற்றத்தக்க சொத்தன்று. உரிமத்தைத் தான் வைத்துக்கொண்டு வாகனத்தைப் பிறர் கையில் விடுபவர் ஓட்டுநரைத் தேர்ந்தெடுப்பதில்லை, பிரேக்கைச் சோதிப்பதில்லை, ஓய்வு நேரத்தைக் கவனிப்பதில்லை. மாதாமாதம் பணம் மட்டும் வந்துசேர்கிறது.

புகையும் எண்ணெயும்

இனிச் சுற்றுச்சூழலைப் பார்ப்போம். பேருந்தில் சென்றால் காற்று தூய்மையாகும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது எப்போதும் உண்மையா? ஒரு பெரிய டீசல் பேருந்து 100 கிலோமீட்டர் ஓடுவதற்குச் சுமார் 40 லிட்டர் டீசல் தேவைப்படுகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோகிராம் கரியமில வாயு வெளிவரும். ஆக மொத்தம் 108 கிலோகிராம். பேருந்தில் 40 பேர் இருந்தால், ஒருவருக்கு 2.7 கிலோகிராம் என்றாகிறது. அதே தொலைவை ஒருவர் தனியாகக் காரில் சென்றால், 8 லிட்டர் பெட்ரோல் எரிந்து, 18 கிலோகிராமுக்கு மேல் வெளியாகும். பேருந்தே சிறந்தது என்பது வெளிப்படை. ஆனால் அதே பேருந்தில் நால்வரே அமர்ந்திருந்தால் தலைக்கு 27 கிலோகிராம் ஆகிவிடுகிறது. அப்போது நால்வரும் தனித்தனிக் காரில் சென்றிருந்தால்கூடக் குறைவான புகையே வெளிப்பட்டிருக்கும்!

இக்கணக்கு உணர்த்துவது யாதெனில், ஒரு பேருந்து நிறுவனம் சுற்றுச்சூழலுக்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய தொண்டு, குறித்த நேரத்தில் தவறாமல் வருவதே. நேரந்தவறாத பேருந்தை மக்கள் நம்புவர், நம்பினால் ஏறுவர், ஏறினால் புகையின் கணக்குத் தலைகீழாக மாறும். தலைமையகக் கூரையில் சூரியத் தகடுகளைப் பதிப்பதெல்லாம் அதற்கு அடுத்த படிதான்.

மின்சார ரயில் ஓடும் இடத்தில் புகை விடுவதில்லை. ஆனால் அதற்கு வேண்டிய மின்சாரத்தின் பெரும்பகுதி தீபகற்ப மலேசியாவில் நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்தே கிடைக்கிறது. நகரத்துப் புகை மின்நிலையத்திற்கு இடம் மாறியது என்று ஒருவர் குறைகூறினால் அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இரும்புத் தண்டவாளத்தின்மேல் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ஒரே நேரத்தில் பல நூறு பேர் செல்கின்றனர். தவிர, ரயில் வேகத்தைக் குறைக்கும்போது அதன் மோட்டாரே மின் உற்பத்திப் பொறியாக மாறி, ஓட்டத்தின் ஆற்றலை மின்சாரமாக்கித் திருப்பித் தருகிறது. அம்மின்சாரம் அருகில் புறப்படும் மற்றொரு ரயிலுக்குப் பயன்படும். சைக்கிளில் மேட்டிலிருந்து இறங்கும்போது டைனமோ விளக்கு எரிவதைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும்.

பேருந்திலும் மின்சாரம் புகுந்துவிட்டது. 2015 ஆம் ஆண்டு ஜூனில் சன்வேயில் தொடங்கிய விரைவுப் பேருந்துத் தடத்தில், 5.4 கிலோமீட்டர் தொலைவுக்கு உயர்த்தப்பட்ட தனிச்சாலையில் மின்கலப் பேருந்துகளே ஓடுகின்றன. புகையுமில்லை, இரைச்சலுமில்லை. ஆனால் தொடக்கத்தில் கட்டணம் அதிகமென்ற மனக்குறை எழுந்தது. காற்றைக் காப்பாற்றும் செலவை ஏழைப் பயணியின் தலையில் மட்டும் சுமத்தினால், அவர் மீண்டும் மோட்டார் சைக்கிளுக்கே திரும்புவார்.

டீசலைப் பற்றிப் பேசும்போது, தோட்டப்புற வாசகர்களோடு நேரடித் தொடர்புள்ள செய்தி ஒன்று உண்டு. நம் நாட்டு நிலையங்களில் விற்கப்படும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து பெறப்படும் எரிபொருள் கலக்கப்படுகிறது. 2011 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 5 பங்காகத் தொடங்கிய இக்கலப்பு, பின்னர் 7 ஆகி, 2019 ஆம் ஆண்டில் போக்குவரத்துத் துறைக்கு 10 பங்காக உயர்ந்தது. அதிகாலையில் நம் தொழிலாளி வெட்டிச் சாய்த்த குலையின் ஒரு துளி, கோலாலம்பூர்ப் பேருந்தின் எந்திரத்திலும் எரிந்துகொண்டிருக்கிறது! இதனால் இறக்குமதி எண்ணெயின் தேவை குறைகிறது. செம்பனைக்கும் ஒரு நிலையான சந்தை கிடைக்கிறது. ஆனால் அக்கலப்பு இயற்கைக்கு நன்மையா என்பது, குலை எந்த நிலத்தில் விளைந்தது என்பதைப் பொறுத்தது. பலகாலமாகப் பயிரிடப்பட்டுவரும் தோட்டத்தில் விளைந்தது வேறு. காட்டை அழித்தோ கரிச்சதுப்பு நிலத்தை வடித்தோ உண்டாக்கிய தோட்டத்தில் விளைந்தது வேறு.

பணிமனையில் சேரும் கழிவெண்ணெயையும் மறந்துவிடக் கூடாது. பேருந்தின் எந்திரத்திலிருந்து மாற்றி எடுக்கப்படும் கறுத்த எண்ணெய் 2005 ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணையிட்ட கழிவாகும். அதனைக் கலன்களில் அடைத்து, பெயரெழுதி ஒட்டி, உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். கால்வாயில் ஊற்றினால், அது எந்த ஓடையில் போய்ச் சேரும், அந்த ஓடையில் யார் மீன் பிடிக்கின்றனர் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

தோட்டத்து வாசல்வரை

சுபாங் ஜெயாவையும் யு.எஸ்.ஜே.யையும் இன்று காண்போர், அவ்விடம் ஒரு காலத்தில் சீபீல்டு ரப்பர்த் தோட்டமாக இருந்ததென்று சொன்னால் வியப்புறுவர். 2016 ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் நீட்டிக்கப்பட்ட இலகு ரயில் இன்று அந்நிலத்தின் மேலே புத்ரா ஹைட்ஸ் வரை ஓடுகிறது. தோட்டம் நகரமான இடத்தில் ரயில் வந்தது. தோட்டமாகவே நீடித்த இடங்களிலோ, இருந்த பேருந்தும் குறைந்து வந்திருக்கிறது. இதில் எவரையும் குற்றஞ்சாட்டுவதற்குமுன் காரணத்தை அறிய வேண்டும்.

பழைய முறையில் பேருந்து நிறுவனம் பயணிகளின் கட்டணத்தை நம்பியே பிழைத்தது. மோட்டார் சைக்கிள்கள் பெருகின, இளைஞர் நகரம் சென்றனர், பயணிகள் குறைந்தனர். வருமானம் குறையவே நிறுவனம் ஓட்டங்களைக் குறைத்தது. ஓட்டம் குறைந்ததால் எஞ்சியிருந்த பயணிகளும் விலகினர். கயிறு நைந்து அறுவதுபோல் தடம் ஒன்று அறுந்துபோவது இவ்வாறுதான். உதிரிப்பாகமும் சம்பளமும் உயர, கட்டணம் மட்டும் அதே இடத்தில் நிற்க, சிறு நிறுவனங்களின் நிலை இரங்கத்தக்கதாயிற்று.

இச்சுழலை உடைப்பதற்கு அரசு இரண்டு வழிகளை மேற்கொண்டது. நட்டத்தில் ஓடும் தடங்களுக்கு 2012 ஆம் ஆண்டு முதல் உதவி நிதி வழங்கப்பட்டது. அடுத்து, 2015 ஆம் ஆண்டில் தொடங்கிய மைபாஸ் திட்டத்தின் கீழ், சிரம்பான், ஈப்போ, கங்கார், கோல திரங்கானு முதலிய நகர்களில் புதிய ஒப்பந்த முறை வந்தது. இதில் பேருந்து எந்தத் தடத்தில், எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்பதை அரசு வகுக்கிறது. நிறுவனம் அதன்படி ஓட்டிய கிலோமீட்டருக்கு ஏற்பப் பணம் பெறுகிறது. பயணிகளிடம் திரட்டும் கட்டணம் அரசைச் சேர்கிறது. ஆகவே பேருந்தில் நால்வர் இருந்தாலும் நாற்பதின்மர் இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்துவதால் நிறுவனத்திற்கு ஆதாயமில்லை. ஓட்டாவிட்டால்தான் இழப்பு. நிறுவனத்தின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிராமல், நல்லதைச் செய்வதே இலாபமாகுமாறு ஒப்பந்தத்தை அமைப்பது அறிவுடைமையே.

ஆனால் இம்முறை இன்னும் எல்லாத் தோட்டப்புறங்களையும் எட்டவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழ்பவர் 50 வெள்ளிக்கு மாதமெல்லாம் பயணம் செய்யும்போது, உட்பகுதித் தோட்டத்திலுள்ள மூதாட்டி அரசாங்க மருத்துவமனைக்கு ஒருமுறை சென்றுவர வாடகைக் காருக்கு அதே தொகையைக் கொடுக்க நேர்கிறதென்றால், பொதுப்பணம் எல்லார்க்கும் ஒரே அளவில் பயன்படுகிறதெனக் கூற இயலாது. அண்மை ஆண்டுகளில் நகர்ப்புறங்களில் தொடங்கப்பட்ட, கைப்பேசி வழி அழைத்தால் வரும் சிறு வேன் சேவை இதற்கொரு வழியாகலாம். நாற்பது இருக்கைப் பேருந்து வெறுமையாக ஓடும் தடத்தில் பத்து இருக்கை வேன் நிறைந்து ஓடும். மருத்துவமனை நாள், சந்தை நாள், சம்பள நாள் ஆகியவற்றைக் கணித்து நேரத்தை வகுத்தால், தோட்டத்து நுழைவாயில்வரை அது வந்துபோவது இயலாத காரியமன்று.

ஓட்டுநர்களைப் பற்றியும் ஒரு சொல். அடிப்படைச் சம்பளம் குறைவாகவும், ஓட்டத்துக்கு ஓட்டம் படி அதிகமாகவும் இருந்தால், ஓட்டுநர் ஓய்வை விட்டுக்கொடுத்து வேகத்தைக் கூட்டுவது இயல்பு. ஒழுங்கான சம்பளமும் போதிய ஓய்வும் பேருந்தின் பிரேக்கைப் போலவே பாதுகாப்புச் சாதனங்கள்.

குறை கூறும் முறை

பேருந்து வராமை, அபாயகரமாக ஓட்டுதல், அதிகக் கட்டணம் வாங்குதல் ஆகியவற்றை எங்கே முறையிடுவது எனப் பலர் அறியாதுள்ளனர். தீபகற்ப மலேசியாவில் தரைப் பொதுப் போக்குவரத்துக்கு உரிமம் வழங்குவதும் கண்காணிப்பதும், 2019 ஆம் ஆண்டு ஜனவரி முதல் போக்குவரத்து அமைச்சின் கீழ் இயங்கிவரும் அப்பாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து முகவையின் பொறுப்பு. சபாவிலும் சரவாக்கிலும் வர்த்தக வாகன உரிம வாரியங்கள் இப்பணியைச் செய்கின்றன. முறையீட்டில் பேருந்தின் பதிவெண், நாள், நேரம், தடம், நிகழ்ந்த இடம் ஆகியவை அவசியம் இடம்பெற வேண்டும். 'பேருந்து அடிக்கடி வருவதில்லை' என்று பொதுவாக எழுதுவதைவிட, 'இன்ன வாரத்தில் காலை 6.30 மணிப் பேருந்து ஐந்து நாளில் மூன்று நாள் வரவில்லை' என்று எழுதுவது அதிகாரிகளுக்கு விசாரிக்க வசதியாயிருக்கும். தனித்தனியே எழுதுவதோடு, தோட்டத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஆலய நிருவாகமோ பேருந்தின் வருகை நேரத்தை ஒரு மாதம் ஒரு நோட்டில் குறித்துவைத்து, அதன் நகலை இணைத்து அனுப்பலாம். வாடகைப் பேருந்து பேசி அமர்த்தும் சங்கங்கள், பேருந்தின் பக்கத்தில் எழுதப்பட்டுள்ள உரிமையாளர் பெயரும் தமக்குப் பற்றுச்சீட்டு வழங்கியவரின் பெயரும் ஒன்றுதானா எனப் புறப்படுவதற்கு முன்னரே பார்த்துக்கொள்வது நல்லது.